மிதிபடாத பாத்தி

அந்த வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத் தோட்டத்தில் நின்றவர்கள்:

றஊப், ஐந்தாம் வகுப்பு. தோட்டத்துச் சட்டாம்பிள்ளை. மண்வெட்டியும் வாளிகளும் கிடக்கும் அறைப் பூட்டின் திறப்பு அவனிடம் இருந்தது.

ஸாலிஹா, இரண்டாம் வகுப்பு. றஊபின் தங்கை.

பூரணி, நான்காம் வகுப்பு. கிணற்றில் அள்ளுகிறவள்.

ஆனந்தராசா, அதே வகுப்பு. வாய் ஓயாதவன்.

பெரியவர்கள் யாரும் இல்லை. இந்த நான்கு பேரையும் வரச் சொன்ன கனகசபை வாத்தியார் இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை.

அது நாற்பத்திரண்டாம் ஆண்டு. வருசப் பிறப்பு வர இருந்தது. பர்மா அரிசி நின்று போனதால் பள்ளிக்கூடங்கள் எல்லாம் தோட்டம் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். திருகோணமலைக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்தில் நிலம் என்று சொல்ல இருந்தது மணல்தான். உப்புக் காற்று. பயற்றை கருகியது. வெண்டி முழங்கால் உயரத்துக்கு மேல் வளர மறுத்தது. கீரை மட்டும் ஏதோ பிழைத்துக் கிடந்தது.

நன்றாக வளர்ந்தது ஒரே ஓர் இடத்தில். பதுங்கு குழிக்குள்.

யுத்தம் கிட்ட வருகிறது என்று, குண்டுவீச்சுக் காவலுக்கு வைத்த வார்டன் வீரசிங்கம் ஆட்களைக் கூட்டி வந்து முற்றத்தில் அந்தக் குழியை வெட்டியிருந்தார். குண்டு விழுந்தால் பிள்ளைகள் குதித்துப் படுப்பதற்கு. அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. காற்று எட்டாது, மத்தியான வெயில் மட்டும் விழும். கனகசபை அதில் கத்தரி நாற்றுகளை வைத்தார். முதலில் ஒரு மூலையில், நாற்று வேர் பிடிக்கும் மட்டும் என்று. பிறகு மற்ற மூலையிலும். பங்குனி முடிவதற்குள் குழி நீளத்துக்கும் கத்தரி நின்றது. பூவும் வந்துவிட்டது.

வீரசிங்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மாஸ்டர், குழிக்குள்ள கறிச்சட்டி வைச்சிருக்கிறியள்?"

"நாத்துத்தான். எடுத்துப் போடுவன்."

"எப்ப? ஜப்பான்காரன் வந்து ஆய்ஞ்சு தரட்டும் எண்டோ?"

"இரண்டு நாளில எடுக்கிறன்."

"நான் வரேக்க வெறுங்குழியா இருக்க வேணும். சொல்லிப்போட்டன்."

ஓம் என்றார் கனகசபை. எடுக்கவில்லை. அவர் தற்காலிக வாத்தியார். வருசம் பிறந்ததும் தோட்டம் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. தோட்டம் நன்றாக இருந்தால் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவேன் என்று இன்ஸ்பெக்டர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். காட்டுவதற்குக் கனகசபையிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கத்தரிதான்.

தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. பாத்தியில் கால் வைக்கக் கூடாது. வரம்பில்தான் நடக்க வேண்டும், வரம்பில்தான் குந்த வேண்டும். ஈரப் பாத்தியில் யாருடையதாவது காலடி பதிந்திருந்தால் கனகசபை எல்லாரையும் வரிசையில் நிறுத்துவார். ஒவ்வொருவராக வந்து அந்த அடையாளத்தில் தங்கள் காலை வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்துகிறவருக்குப் பிரம்பு. வாளியும் பறிபோகும்.

போன மாதம் அப்படி ஓர் அடையாளம் கீரைப் பாத்தியில் கிடந்தது.

"இது கோழின்ர கால் வாத்தியார்," என்றான் ஆனந்தராசா.

"கோழிக்கு அஞ்சு விரலாடா?"

"இங்கிலீசுக் கோழி. கப்பலில வந்தது."

பிள்ளைகள் சிரித்தார்கள். கனகசபைக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வரிசை நகர்ந்தது. ஸாலிஹாவின் முறை வந்தபோது அவள் காலை வைக்கவில்லை. றஊப் அவளுடைய கணுக்காலைப் பிடித்து வைத்தான். சரியாகப் பொருந்தியது.

"புழு தின்னுது வாத்தியார். அத எடுக்கத்தான் இறங்கின," என்றாள்.

"புழு இரண்டு இலையைத் தின்னும். உன்ர கால் முழுக்கன்றையும் தின்னும். கையை நீட்டு."

பிரம்படிக்கு அவள் அழவில்லை. வாளியைப் பறித்து ஆனந்தராசாவிடம் கொடுத்தபோதுதான் அழுதாள். வீட்டுக்குப் போகும் வழியில் றஊப் அவளிடம், "இனி மிதிச்சா உன்ன நான் கூட்டிட்டு வர மாட்டன். எனக்கும் மானம் போகுது," என்றான். அதற்குப் பிறகு அவள் வரம்பில் நடக்கும்போது ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை ஒட்டி வைத்து, கயிற்றில் நடப்பவள் போல நடந்தாள். வாளி திரும்பக் கிடைத்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு போட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் மூடப்பட்டது. தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்துக்குப் போனார். ஊரில் பாதி வண்டி பிடித்தது. கனகசபையும் அன்று மத்தியானமே மனைவி சிவபாக்கியத்தையும் மகனையும் தூரத்துத் திரியாய்க் கிராமத்துக்கு ஏற்றிவிட்டார். மகனும் மூன்றாம் வகுப்பில் தோட்டக்காரன்தான். அவனுடைய வாளிமுறை வியாழக்கிழமை. அந்த முறையை றஊபுக்கும் தங்கைக்கும் கொடுத்தார்.

"பள்ளிக்கூடம் இல்லைத்தானே வாத்தியார்?" என்று றஊப் கேட்டான்.

"செடிக்குத் தெரியுமோ பள்ளிக்கூடம் இல்லையெண்டு? விடியத் தண்ணி விட்டிட்டுப் போங்கோ. நானும் வருவன்."

வியாழக்கிழமை அவர் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது ஆபத்துச் சங்கு ஊதியது. பாதி வழித்த முகத்தோடு கட்டிலுக்குக் கீழே படுத்தார். வீடு அதிர்ந்தது. ஓடுகள் சரிந்தன. துறைமுகப் பக்கம் பீரங்கிகள் விடாமல் அடித்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நினைவு அவருக்கு வந்தது. வந்ததும், 'குழி இருக்கிறதுதானே' என்று நினைத்தார். அந்த நினைப்போடு கட்டிலுக்குக் கீழேயே கிடந்தார். குழிக்குள் என்ன நிற்கிறது என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

சத்தம் அடங்கிய பிறகு ஓடினார்.

பள்ளிக்கூட மதிலின் கடற்கரைப் பக்கம் விழுந்து கிடந்தது. அங்கே விழுந்த குண்டின் இரும்புத் துண்டுகள் முற்றத்தில் சிதறியிருந்தன. பூரணியும் ஆனந்தராசாவும் கிணற்றுக் கட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தராசா ஒரு சொல் பேசவில்லை. றஊப் தன் சாரத்தைக் கிழித்துத் தங்கையின் இடது காலைச் சுற்றிப் பிடித்திருந்தான். துணிக்குள் கால் இருந்த விதத்தைப் பார்த்ததும் கனகசபை முகத்தைத் திருப்பினார்.

தெருவால் வந்த நேவி லொறியை மறித்தார். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் இறங்கி ஸாலிஹாவைத் தூக்கினான். றஊபும் கூட ஏறினான். லொறி போய்விட்டது.

"குழிக்குள்ள இருந்தவளுக்கு எப்படிப் பட்டது?" என்று கனகசபை கேட்டார்.

பூரணி மூக்கைத் துடைத்தாள். "குழிக்குள்ள கத்தரி நிக்குதுதானே வாத்தியார். அதால நாங்கள் வரம்பில படுத்தனாங்கள்."

அவர்கள் இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு குழியின் விளிம்பில் வந்து நின்றார்.

பிள்ளைகள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். குழி நீளத்துக்கும் தண்ணீர் விட்டிருந்தார்கள். மண் கறுத்து ஊறியிருந்தது. கத்தரி இலைகளில் துளிகள் நின்றன. ஒரு கிளைகூட ஒடிந்திருக்கவில்லை. மேலே வரம்பில் நான்கு உடம்புகள் கிடந்த தடம் வரிசையாக இருந்தது. பெரியதிலிருந்து சின்னதாக. கடைசித் தடத்தில் இரத்தம்.

தெருவில் வீரசிங்கத்தின் விசில் கேட்டது. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

கனகசபை குழிக்குள் குதித்தார். கத்தரியைப் பிடுங்கினார். இரண்டு கையாலும், பூவோடும் வேரோடும் பிடுங்கி, மதிலுக்குப் பின்னால் இருந்த குப்பைக் கிடங்கில் எறிந்தார். திரும்பி வந்து குழியின் அடியை மிதித்தார். செருப்புக் காலால் ஓர் அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரை, ஆட்கள் படுத்துக் கிடந்த இடம் போலத் தெரியும் வரை மிதித்தார். வரம்பில் இருந்த தடங்களைத் தென்னோலையால் கூட்டினார். இரத்தம் போகவில்லை. அதன் மேல் மணல் போட்டார்.

வீரசிங்கம் வந்தபோது அவர் மேலே நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள்?"

"ஒரு பெட்டைக்குக் காலில காயம். ஆசுபத்திரிக்கு அனுப்பியாச்சு."

வீரசிங்கம் குழியை எட்டிப் பார்த்தார். வெறுங்குழி. "குழி கிடக்க எப்படிக் காயம் பட்டது?"

"எல்லாரும் குழிக்குள்ளதான் கிடந்தவை. அது சின்னன், பயந்து வெளியில ஏறிட்டுது." அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தமையன் பக்கத்தில கிடந்தவன். அவன் பிடிச்சிருக்க வேணும்."

வீரசிங்கம் உச்சுக் கொட்டினார். அடுத்த வீட்டுக்குப் போனார்.

பூரணியின் ஆட்களும் ஆனந்தராசாவின் ஆட்களும் அன்றைக்கே தம்பலகாமத்துக்கு நடந்துவிட்டார்கள். கனகசபையிடம் யாரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை நாள் கணக்காக ஊருக்கு மேலே நின்றது. அவர் வீட்டில் தனியாகச் சமைத்துத் தின்றார். மற்றப் பாதி முகத்தையும் வழித்தார். ஒரு தரம் ஆசுபத்திரி வாசல் வரை போய்த் திரும்பினார். வருசப் பிறப்புக் கழிந்த பிறகு உள்ளே போனார்.

ஸாலிஹா கடைசிக் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய் அசனா நிலத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். போர்வை வலது கால் இருந்த இடத்தில் முழுவதும் உயர்ந்திருந்தது. இடது பக்கம் பாதியில் தட்டையாகிப் போனது.

பிள்ளை அவரைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். வாத்தியார் வந்தால் எழும்ப வேண்டும் என்பதும் அவர் பழக்கியதுதான்.

"படு, படு."

"வாத்தியார்," என்றாள். குரல் அடங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "நான் மிதிக்கல்ல."

அவர் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"சங்கு ஊதினோடன எல்லாரும் ஓடின. நானும் ஓடின. ஆனா மிதிக்கல்ல. கத்தரி காய்ச்சிட்டா?"

அசனா விசிறியை நிறுத்தினாள். "இதையேதான் கேக்குறா மாஸ்டர். மருந்து மயக்கம்."

கனகசபை கொண்டு வந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தார். பிறகு வெளியே வந்து, தன் வீட்டுக்குப் போகும் தெருவில் இரண்டு தரம் நடந்துவிட்டு, பிள்ளையின் தகப்பன் ஆதம்பாவாவின் வீட்டைத் தேடிப் போனார்.

ஊர் காலியானதால் கள்ளர் பயம். மிஞ்சி இருந்தவர்கள் பகலிலும் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். தட்டினார்.

"ஆரு?"

"நான், கனகசபை. பள்ளிக்கூடத்து வாத்தியார்."

பூட்டுத் திறந்தது. திறந்தவன் றஊப். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கன்னத்தில் பழைய அடி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவன் அவரைப் பார்க்கவில்லை. அவர் வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்தான்.

"வாங்க மாஸ்டர், வாங்க, இரிங்க!" ஆதம்பாவா கதிரையைத் தோள் துண்டால் துடைத்துப் போட்டார். துறைமுக டொக்யாட்டில் கப்பலுக்குக் கரி ஏற்றுகிற ஆள். நகக்கண்கள் கறுப்பு. "தேத்தண்ணி கொண்டா, டேய். மாஸ்டருக்குச் சீனி இல்லாட்டிக் கருப்பட்டி வை. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நானே உங்களத் தேடி வர இருந்த."

"என்னத்துக்கு?"

"மன்னிப்புக் கேக்கத்தான்." ஆதம்பாவா மகன் போன பக்கம் தலையை ஆட்டினார். "வார்டன் சொன்னார். இவன் குழிக்குள்ள படுத்துக்கிட்டு தங்கச்சிய வெளிய விட்டிரிக்கான். சரி, சின்னப் பயல், பயந்துட்டான் எண்டு வைங்க. அதக்கூடப் பொறுக்கலாம். இவன் சொல்ற பொய்யத்தான் பொறுக்க ஏலாது."

"என்ன சொல்லுறான்?"

"குழிக்குள்ள ஒருத்தரும் இறங்கல்லயாம். கத்தரி நிண்டதாம். வாளி எடுக்கப் போன இடத்தில பாத்தானாம், கத்தரி இல்லையாம், மண்ணில செருப்படி கிடந்ததாம். தன்ட கால வச்சுப் பாத்தானாம். எங்கட ஒருத்தர்ட காலும் இல்ல, பெரிய கால், வாத்தியார்ட காலாம்." அவர் சிரித்தார். சிரிப்பு நன்றாக இருக்கவில்லை. "எழுத்தறிவிக்கிற மனிசன் மேல பழி போடுறான், மாஸ்டர். அடிச்சன். திரும்பவும் அதையே சொன்னான். திரும்பவும் அடிச்சன்."

றஊப் தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றான்.

"இனி அடிக்காதையுங்கோ," என்றார் கனகசபை. "அவனில பிழை இல்லை. பிழை என்னிலதான்."

"அது உங்கட பெரிய மனசு. பிள்ளையள் செய்தாலும் தங்கட பிழை எண்டு தலையில போடுவீங்க. எனக்குத் தெரியாதா?" ஆதம்பாவா கையை விரித்தார். "இவன் படிச்சது போதும். கப்பல்துறைக் காட்டில என்ட மச்சான் விறகு வெட்டுறார். அங்க அனுப்பப் போறன். மரத்தோட கிடந்தாப் பொய் சொல்ல ஆள் இல்ல."

கனகசபை தேத்தண்ணியைக் குடித்தார். அவருக்குத் தெரியும். நம்ப முடியாத மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் சொல்லியிருந்தார். பிழை என்னில்தான். எந்த வாத்தியாரும் எந்தத் தகப்பனிடமும் சொல்லக்கூடிய சொல். இப்போது எழும்பிப் போகலாம். சொல்லியாகிவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். நம்பாதது ஆதம்பாவாவின் பாடு. இன்ஸ்பெக்டர்கூட, குண்டு விழுந்த பள்ளிக்கூடம் என்று இரக்கப்பட்டு எழுதுவார்.

கோப்பை காலியானது. எழும்பினார்.

ஆதம்பாவாவும் எழும்பினார். றஊப் கதவைத் திறந்து, வழி விட்டு நின்றான். வீங்காத கண்ணால் இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கனகசபை வாசலில் குனிந்து ஒரு செருப்பை எடுத்தார். போடவில்லை. அதைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்து, கதிரைக்கு முன்னால் நிலத்தில் வைத்தார். அடித்தோலின் தையலுக்குள் கறுப்பு மண் காய்ந்து இறுகியிருந்தது. அந்தக் கடற்கரையில் அப்படி மண் வேறு எங்கேயும் இல்லை.

"அவன் கால் வைச்சுப் பார்த்த அடி இதின்ரதான்," என்றார்.

ஆதம்பாவாவுக்கு விளங்கவில்லை.

"குழிக்குள்ள என்ர கத்தரி நிண்டது. வார்டன் எடுக்கச் சொன்னவர், நான் எடுக்கேல்லை. மிதிக்கப்படாதெண்டு அடிச்சுப் பழக்கினனான். அதால பிள்ளையள் இறங்கேல்லை. வரம்பில படுத்ததுகள். எல்லாம் முடிஞ்ச பிறகு நான் புடுங்கி எறிஞ்சு, மிதிச்சுப்போட்டு, வார்டனுக்குப் பொய் சொன்னனான். தமையன் பிடிச்சிருக்க வேணுமெண்டு சொன்னதும் நான்தான். உங்கட மகன் சொன்னது அவ்வளவும் உண்மை."

ஆதம்பாவா செருப்பைப் பார்த்தார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கையைத் தூக்கினார், அந்தக் கை அவனிடம் போகாமல் பாதியில் நின்று, தோள் துண்டைப் பிடித்துக்கொண்டது.

"உங்கட மகன் எங்க மாஸ்டர்?" என்று கேட்டார்.

"திரியாயில."

"எப்ப போனார்?"

"திங்கட்கிழமை."

ஆதம்பாவா தலையை ஆட்டினார். யாரோ கணக்கு ஒன்றைச் சரியாகச் சொன்ன மாதிரி ஆட்டினார்.

"வார்டனிட்டயும் இப்பவே போய்ச் சொல்லுறன்," என்றார் கனகசபை.

"சொல்லுங்க. சொல்லாம வுடுங்க. புள்ளைக்குக் கால் வராது." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆசுபத்திரிக்கு இனிப் போகாதீங்க. கத்தரி காய்ச்சிட்டா எண்டு கேப்பா. அதுக்கு என்ன சொல்றதெண்டு நான் பாக்கிறன். நீங்க சொல்ல வேணாம்."

கனகசபை செருப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். றஊப் இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த ஒரு திறப்பை அவிழ்த்தான். பள்ளிக்கூடத்து வாளியறைத் திறப்பு. அதை அவருடைய கையில் வைத்தான். வாத்தியாரிடம் எதையும் இரண்டு கையாலும்தான் கொடுக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார். அவன் ஒரு கையால் கொடுத்தான்.

"றஊப்," என்றார்.

அவன் உள்ளே போனான். அவர் படியில் நின்று இரண்டாவது செருப்பைப் போட்டு முடிக்கவில்லை. பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.